தேள்கடி ஆய்வும் பதவி உயர்வுக் கோப்பும்: தேசிய மருத்துவ ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தேசிய மருத்துவ ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்கள், மருத்துவக் கல்லூரிகளின் பதவி உயர்வுக் குழுக்களில் அமரும் மூத்த பேராசிரியர்கள்.

ஐயா, அம்மா, வணக்கம்.

அரசு மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவன் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். ஒரு மருத்துவரின் ஆய்வை மதிப்பிட உட்காரும்போது, எத்தனை கட்டுரை, எந்தப் பட்டியலில் உள்ள இதழ், பெயர் எத்தனையாவது இடம் என்பதோடு கோப்பை மூடிவிடாதீர்கள். அந்த ஆய்வுக்குப் பிறகு எந்த வார்டில் எந்தப் பழக்கம் மாறியது என்றும் கேளுங்கள். இதைப் பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் ஒரே ஒருவருடைய ஆய்வுகளை எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

மராட்டியத்தின் ராய்காட் மாவட்டத்தில் மகாட் என்று ஓர் ஊர். 1927-இல் அம்பேத்கர் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்த ஊர் என்று சொன்னால் பலருக்கும் நினைவு வரும். அதை அடுத்த பிர்வாடியில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 1976-இல் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்ற இளம் எம்.பி.பி.எஸ். மருத்துவர் வேலைக்குப் போனார். கொங்கணக் கரையின் செம்பாறை நிலம் அது. கல்லைப் புரட்டினால், வைக்கோலில் கைவிட்டால், இருட்டில் செருப்பை மாட்டினால் செந்தேள். கொட்டு வாங்கி வந்தவர்களில் பலர் வலியோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். சிலர், அதிலும் குழந்தைகள், சில மணி நேரத்தில் மூச்சு முட்டி, வாயில் இளஞ்சிவப்பு நுரை தள்ளி இறந்துபோனார்கள். ஏன் சிலர் மட்டும், எப்படி இவ்வளவு வேகமாக என்பதற்கு அப்போது கையில் இருந்த பாடநூல்களில் உருப்படியான பதில் இல்லை.

பவாஸ்கர் செய்த முதல் வேலை பார்த்ததை எழுதிவைத்தது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை, வாந்தி, கைகால் சூடு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அதிலிருந்து 1982-இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. செந்தேள் கொட்டியதில் இதயம் பாதிக்கப்படப் போகிறது என்பதை முன்கூட்டியே காட்டும் அறிகுறிகள் பற்றியது அது. வாந்தி, உடல் முழுக்க வியர்வை, ஆண்களுக்கு ஆணுறுப்பு விறைத்து நிற்பது, கைகால் சில்லிடுவது. இவற்றைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், எக்கோ வேண்டாம். கையும் கண்ணும் ஒரு பி.பி. கருவியும் போதும்.

இரவு டூட்டி பார்க்கிற எவருக்கும் இதன் அருமை தெரியும். கொட்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டிக் கத்துகிற ஆள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். அவருக்குத் தேவை வலி குறைய மருந்து. அம்மாவின் தோளில் சத்தமில்லாமல் சாய்ந்து கிடந்து, இரண்டு தடவை வாந்தி எடுத்து, சட்டை தொப்பலாக நனைந்து, பாதத்தைத் தொட்டால் குளிர்ந்த இரும்பைத் தொட்டது போல இருக்கிற குழந்தையிடம்தான் முதலில் ஓட வேண்டும். "அது சத்தமே போடல சார், தூங்குது" என்று பாட்டி சொல்லும். அந்த வரியைக் கேட்டதும் நமக்கு வயிற்றைக் கலக்க வேண்டும். இன்றைக்கு ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகளுக்கு இதை ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அந்த ஒரு நிமிடப் பாடம் யாருடைய நோட்டிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்தது மருந்து. செந்தேளின் நஞ்சு நரம்புகளில் சோடியம் போகும் வாயில்களை மூடவிடாமல் செய்கிறது. நரம்பு முனைகளும் அட்ரினல் சுரப்பியும் அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் கொட்டித் தள்ளுகின்றன. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. இறுகிய குழாய்களுக்கு எதிராக இதயம் முட்டி முட்டித் தள்ளிக் களைத்துப்போகிறது. நுரையீரலில் நீர் கோக்கிறது. அந்தக் காலத்தில் இதற்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? ஸ்டீராய்டு, அலர்ஜி ஊசி, அட்ரோபின், பெத்திடினும் குளோர்புரோமசினும் புரோமெத்தசினும் கலந்த லிட்டிக் காக்டெயில். இவற்றில் எதுவும் இறுகிய குழாயைக் குறி வைத்துக் கொடுக்கப்பட்டதல்ல. அட்ரோபின், ஏற்கெனவே ஓடுகிற இதயத்தை இன்னும் விரட்டியது.

பவாஸ்கர் எடுத்தது பிராசோசின். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்த சாதாரண மாத்திரை. ரத்தக் குழாய்களை இறுக வைக்கும் ஆல்ஃபா ஏற்பிகளை அது அடைக்கும். விலை மலிவு, வாய்வழி கொடுக்கலாம், ஐ.சி.யூ. வேண்டாம். எடைக்கு ஏற்ற அளவில் கொடுத்து, படுக்க வைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்த்துத் திரும்பக் கொடுக்க வேண்டும். எப்போது நிறுத்துவது? பாதம் வெதுவெதுப்பாகும்போது. தீவிர சிகிச்சையின் முடிவுப் புள்ளியை உள்ளங்கையால் தொட்டுச் சொல்லிவிடலாம் என்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து யோசித்தவருக்குத்தான் தோன்றும்.

அவரும் அவர் மனைவி டாக்டர் பிரமோதினி பவாஸ்கரும் 1986-இல் இதை லான்செட்டில் வெளியிட்டார்கள். 510, 511 ஆகிய பக்கங்களில் அடங்கிய சிறு குறிப்பு. பிராசோசினுக்கு முந்தைய காலத்தில் கடுமையாக நஞ்சேறியவர்களில் 25 முதல் 30 சதவீதம் பேர் இறந்ததாகவும், 1984-க்குப் பிறகு அது 1 சதவீத அளவுக்கு இறங்கியதாகவும் அவருடைய தொடர் பதிவுகள் சொல்கின்றன. இந்த எண்களைக் கறாரான ஆய்வு முறையாளர் ஒருவர் அப்படியே ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. பழைய காலத்தையும் புதிய காலத்தையும் ஒப்பிடும்போது சாலையும் பேருந்தும் ஆக்சிஜன் சிலிண்டரும் கூடவே மாறியிருக்கும். நோயாளிகள் சீக்கிரம் வந்து சேர்ந்திருப்பார்கள். ஆனாலும் கண் முன்னால் குழந்தை நுரை தள்ளும்போது மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிற நெஞ்சுரம் யாருக்கு வரும்? அந்தக் குறிப்பை அந்தச் சூழலில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது இதற்குப் பிறகு அவர் செய்ததைப் படித்தபோதுதான். ஒரு மருந்தால் பெயர் வாங்கியவர் சாகும்வரை அந்த மருந்துக்குக் கொடி பிடிப்பதை நம் துறையில் நிறையப் பார்த்திருக்கிறோம். பவாஸ்கர் தம்பதி தங்கள் பிராசோசினைத் தாங்களே சோதனைக்கு இழுத்தார்கள். பிராசோசின் மட்டும் கொடுப்பது ஒரு பக்கம், பிராசோசினோடு செந்தேள் நஞ்சுமுறியும் கொடுப்பது மறுபக்கம். மகாடிலேயே, 70 நோயாளிகள், குலுக்கல் முறையில் பக்கத்துக்கு 35 பேர். 2011-இல் பி.எம்.ஜே. இதழில் முடிவு வந்தது. 10 மணி நேர முடிவில் முழுதும் தேறியவர்கள் இரண்டும் சேர்த்துப் பெற்ற அணியில் 32 பேர். பிராசோசின் மட்டும் பெற்ற அணியில் 8 பேர். தன் பெயரோடு ஒட்டிக்கொண்ட மருந்து தனியாக நின்றால் பின்தங்குகிறது என்பதைத் தானே அச்சில் ஏற்றினார்.

இந்த ஆய்வு வேறொரு விவாதத்துக்குள்ளும் போய் நின்றது. 1999-இல் துனீசியாவில் ஃபெக்ரி அப்ரூக் குழுவினர் எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய சோதனை, தேள் கொட்டிய எல்லோருக்கும் வழக்கமாக நஞ்சுமுறி ஏற்றுவதால் பயனில்லை என்று லான்செட்டில் சொன்னது. 2009-இல் அரிசோனாவில் லெஸ்லி போயர் குழுவினர் 15 குழந்தைகளை மட்டும் வைத்து நடத்திய சோதனை, கடுமையான நரம்பு பாதிப்பு உள்ள குழந்தைகளுக்கு அந்த ஊர்த் தேளுக்கான நஞ்சுமுறி நன்றாக வேலை செய்கிறது என்று நியூ இங்கிலாந்து ஜர்னலில் சொன்னது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று முரண். உள்ளே போனால் தேள் வேறு, நஞ்சு வேறு, நோயாளியைத் தேர்ந்த விதமும் வேறு. துனீசியாவில் லேசாகக் கொட்டு வாங்கியவர்களும் சேர்ந்திருந்தார்கள். அரிசோனாவில் நிலைமை மோசமான குழந்தைகள் மட்டும். நம் ஊர்த் தேளுக்கு, நம் ஊர் நஞ்சுமுறிக்கு, நம் ஊர் நோயாளிகளிடமிருந்துதான் பதில் வர வேண்டியிருந்தது. மகாடிலிருந்து வந்தது.

வந்த பதிலை யாராவது சரிபார்த்தார்களா? பார்த்தார்கள், நமக்குப் பக்கத்திலேயே. புதுச்சேரி ஜிப்மர் குழந்தைகள் பிரிவில் 50 குழந்தைகளை வைத்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்டு, 2014-இல் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் டிசீஸ் இன் சைல்டுஹுட் இதழில் வெளியிட்டார்கள். முடிவு மகாடின் பக்கமே நின்றது. மராட்டியத்துச் சிற்றூர் ஒன்றில் இரண்டு பேர் செய்ததை, ஊரறிந்த ஒரு பெரிய நிறுவனம் தன் வார்டில் மறுபடி செய்து பார்த்தது. ஆய்வின் தாக்கம் என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். மேற்கோள் எண்ணிக்கையில் இது ஒரே ஒரு மேற்கோளாகத்தான் பதிவாகும். மாரடைப்பு மருந்தைப் பற்றி எழுதினால் உலகம் முழுக்க மேற்கோள் காட்ட ஆள் இருக்கிறது. செந்தேளைப் பற்றி எழுத இந்தியாவையும் அக்கம்பக்கத்து நாடுகளையும் விட்டால் யார் இருக்கிறார்கள்? ஏழை உழவர்களுக்கு வருகிற ஆபத்தை ஆய்கிறவருக்கு மேற்கோள் குறைவாகத்தான் விழும். மேற்கோளை மட்டும் அளந்தால் அந்த உழவரையும் சேர்த்தே குறைத்து மதிப்பிடுகிறோம்.

இப்போது உங்கள் விதிகளுக்கு வருகிறேன். உங்களுக்கு முன்பிருந்த இந்திய மருத்துவக் கவுன்சில் 2015 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கை விட்டது. மூல ஆய்வுக் கட்டுரைகள் மட்டுமே கணக்கில் வரும், முதல் இரண்டு ஆசிரியர்களுக்கு மட்டுமே மதிப்பு என்றது. நோயாளி விவரக் குறிப்புகள், மறுஆய்வுகள், ஆசிரியருக்குக் கடிதங்கள் எல்லாம் வெளியே. அங்கீகரித்த இதழ்ப் பட்டியல்களில் இண்டெக்ஸ் கோபர்னிகஸ் என்ற பட்டியலும் இருந்தது. அது என்ன தரம் என்று இதழாசிரியர்கள் பலர் அப்போதே எழுதினார்கள். 1986-இன் அந்த இரண்டு பக்கக் குறிப்பை அந்தத் தராசில் வைத்தால் என்ன எடை காட்டியிருக்கும்? காசு கொடுத்தால் பத்து நாளில் அச்சேற்றித் தருகிற பத்திரிகைக் கட்டுரை ஒன்று எவ்வளவு காட்டியிருக்கும்?

2020-இல், நீங்கள் பொறுப்பேற்பதற்குச் சற்று முன் வந்த திருத்தங்களில் நோயாளித் தொடர் ஆய்வுகளும் முறைசார் மறுஆய்வுகளும் சேர்ந்தன, நீங்களும் அவற்றைத் தொடர்ந்தீர்கள். ஏற்றுக்கொள்ளும் ஆசிரியர் இடங்களும் கொஞ்சம் அகலமாயின. ஆய்வு முறை பற்றிய அடிப்படைப் படிப்பு கட்டாயமானது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்துகிற அந்த இணையவழிப் படிப்பு நல்ல படிப்பு, நானே ஆர்வத்தோடு படித்தேன். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். ஆனால் தராசு மாறவில்லை. தட்டில் இன்னும் சில பொருள்களை வைக்க அனுமதித்திருக்கிறீர்கள், அவ்வளவே.

எண்ணிக்கை மட்டும் கேட்டால் எண்ணிக்கை மட்டும்தான் கிடைக்கும். பதவி உயர்வு நெருங்கும் பருவத்தில் எங்கள் எல்லோருடைய கைபேசிக்கும் செய்திகள் வரும். முதல் ஆசிரியர் இடத்துக்கு ஒரு விலை, இரண்டாம் இடத்துக்கு ஒரு விலை, 'ஸ்கோபஸ் உத்தரவாதம்', அதாவது ஸ்கோபஸ் என்ற அங்கீகரித்த பட்டியலில் உள்ள இதழில் அச்சேறும் என்று வாக்கு. யார் வாங்குகிறார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி எல்லோருக்கும் தெரியும். வாங்கியவர் தேள் கொட்டின திருடன் மாதிரி வாய் திறக்கமாட்டார். தெரிந்தவரும் நாளைக்குத் தனக்கும் தேவைப்படலாம் என்று பேசாமல் இருப்பார். அவர்களைத் திட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. அந்தச் சந்தைக்கு வாடிக்கையாளரை அனுப்புவது விதிதான்.

அவசர மருத்துவத்துக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. 2009-இல்தான் இந்தத் துறைக்கு இந்தியாவில் தனிப் பட்டமேற்படிப்பு அங்கீகாரம் கிடைத்தது. இளைய துறை. எங்கள் ஆய்வுகள் பகல் பதினொரு மணிக்கு ஓ.பி.யில் நடப்பவை அல்ல. இரவு இரண்டு மணிக்கு 108 வண்டி வந்து நிற்கும்போது ஒப்புதல் வாங்கி, குலுக்கல் உறையைப் பிரித்து, நேரத்தைக் குறிக்க ஓர் ஆள் வேண்டும். அது ஒரே ஆளாக இருக்க முடியாது, டூட்டி மாறிக்கொண்டே இருக்கும். ஒழுங்காக ஒரு சோதனை நடத்த எட்டுப் பத்து மருத்துவர்கள் வேண்டும், தாலுகா மருத்துவமனைக்காரர்களும் கூட வேண்டும். முதல் இரண்டு மூன்று பெயர்களுக்கு மட்டும் மதிப்பு என்றால் நாலாவது ஆள் எதற்கு ராத்திரி கண் விழிப்பார்? அதனால்தான் நம் கல்லூரிகளிலிருந்து வருகிற அவசர மருத்துவக் கட்டுரைகளில் பாதிக்கு மேல், பழைய கேஸ் ஷீட்டுகளை ரெக்கார்டு ரூமிலிருந்து இறக்கித் தூசி தட்டி எழுதியவை போல இருக்கின்றன. தனி ஆளாக உட்கார்ந்து முடிக்க முடிகிறது அதுதான்.

பவாஸ்கர் தனி ஆளாகத்தானே செய்தார் என்று கேட்பீர்கள். அவரைப் போல ஒருவர் எல்லாத் தடைகளையும் தாண்டி வந்துவிட்டார் என்பதற்காகத் தடைகளை அப்படியே வைத்திருப்பது நிர்வாகம் ஆகாது. அவருக்கு 2022-இல் பத்மஸ்ரீ கொடுத்தோம், கைதட்டினோம். அவர் இருந்த இடத்தில் இன்று இருக்கிற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு ஒரு கேள்வி தோன்றினால் அதை எடுத்துக்கொண்டு எங்கே போவார்? எந்த நெறிமுறைக் குழு அவருக்குக் கதவைத் திறக்கும்?

என் வேண்டுகோள்கள் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பதவி உயர்வுக்கு விண்ணப்பிப்பவரிடம் கட்டுரைப் பட்டியலோடு ஒரே ஒரு பக்கம் கேளுங்கள். உங்கள் ஆய்வுகளில் சிறந்தது எது, அந்தக் கேள்வி எந்த நோயாளியிடமிருந்து வந்தது, அதை வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா, உங்கள் மருத்துவமனையின் சிகிச்சை முறையில் எந்த வரி மாறியது. அந்தப் பக்கத்தை வைத்துக் குழு பதினைந்து நிமிடம் கேள்வி கேட்கட்டும். காசு கொடுத்து வாங்கியவர் அந்தப் பதினைந்து நிமிடத்தில் வியர்த்துவிடுவார்.

மற்றவர் முடிவைச் சரிபார்க்கும் ஆய்வுக்கும், பயனில்லை என்று முடிந்த ஆய்வுக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். ஜிப்மர் செய்ததைப் போல இன்னும் நான்கு இடங்களில் செய்தால்தான் மகாடின் முடிவு எவ்வளவு தூரம் நிற்கும் என்று தெரியும். கிருஷ்ணகிரியிலும் தென்காசியிலும் அதே அளவு பலன் வருமா? புதிதாக எதையாவது கண்டுபிடித்தால்தான் ஆய்வு என்று நினைக்கிற குழுவுக்கு முன்னால் யாரும் அந்த வேலையைத் தொடமாட்டார்கள்.

பல மையச் சோதனைகளில் நோயாளியைச் சேர்த்த ஒவ்வொரு மருத்துவருக்கும், பங்களிப்பு எழுத்தில் இருக்கும்பட்சத்தில், பெயர் எத்தனையாவது இடத்தில் இருந்தாலும் மதிப்புக் கொடுங்கள்.

கடைசியாக, எங்கள் ஏ.ஆர். புத்தகம், அதாவது அவசரப் பிரிவின் விபத்துப் பதிவேடு. தமிழ்நாட்டில் எந்தக் கேசுவால்டியில் அதைத் திறந்தாலும் பக்கத்துக்குப் பக்கம் 'அன்நோன் பைட்' என்று இருக்கும். எதுவோ கடித்தது, 24 மணி நேரம் கண்காணிப்பு, வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதில் எது பாம்பு, எது தேள், எது பூரான், எது முள் என்று யாருக்கும் தெரியாது. கொட்டிய நேரம், வந்த நேரம், வியர்வை உண்டா, வாந்தி உண்டா, பாதம் சில்லிட்டிருந்ததா, ரத்த அழுத்தம், முதல் மாத்திரை கொடுத்த நேரம் என்று ஏழு கட்டங்கள் போட்ட ஒரு தாளை எல்லா மருத்துவக் கல்லூரி அவசரப் பிரிவுகளுக்கும் கட்டாயமாக்குங்கள். அதை ஒழுங்காக நடத்துகிற துறைக்கு உங்கள் ஆய்வு மதிப்பீட்டில் இடம் கொடுங்கள். பவாஸ்கர் தன் நோட்டில் குறித்தவையும் ஏறத்தாழ இவைதான்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏன் மறுக்கிறீர்கள் என்று அடுத்த திருத்த வரைவோடு வெளியிட்டால் நாங்களும் பதில் எழுத வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவன் ஒருவன்